விரல் கையெழுத்தும் வாளியில் நின்ற ஆப்பிள் கன்றும்

பேனா வைத்திருப்பவர்கள் உள்ளே வரக் கூடாது என்று ஓர் அலுவலகம் வாசலிலேயே எழுதி வைத்திருந்தால் உங்களுக்கும் எனக்கும் சிரிப்பு வரும். கெசீனா போப்பிங்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றுதான் அவளுக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது. வேலை கிடைத்த அன்று யாருக்கும் எதுவும் வேடிக்கையாகத் தெரியாது.

ஹில்லர்ஸீல் என்ற கடலோர ஊரில், மீன் சந்தைக்கு எதிரே, பழைய சுங்கக் கட்டடத்தில் இருந்தது மின்கையொப்ப ஊக்குவிப்பு ஆணையம். வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி. வருகிறவர்கள் பேனாவை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகலாம். போகும்போது திருப்பித் தருவீர்களா என்று கேட்கக் கூடாது. இதுவரை சேர்ந்த பேனாக்களையெல்லாம் உருக்கிக் கூடத்தின் நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு சிலை செய்து வைத்திருந்தார்கள். ஆள்காட்டி விரலை நீட்டிய கை. 'எதிர்காலத்தைச் சுட்டுகிறது' என்று அடியில் பொறித்திருந்தது. உண்மையில் அது கழிப்பறையைச் சுட்டிக்கொண்டிருந்தது. வழி கேட்பவர்களுக்கு வசதியாக இருந்ததால் யாரும் அதைத் திருப்பி வைக்கவில்லை.

ஆணையத் தலைவர் டாக்டர் ஹாசல்பிரிங் நெட்டையான மனிதர். உட்கார்ந்து பேச வேண்டியதையும் எழுந்து நின்று பேசுவார். கெசீனாவின் வேலை ஒப்பந்தத்தைத் தொடுதிரை டேப்லெட்டில் (அங்கே எல்லோரும் டேப் என்பார்கள்) திறந்து, குழந்தைக்குப் பெயர் சூட்டுகிறவர்போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

"போப்பிங்கா அம்மா, மனுஷன் காகிதத்துல கையெழுத்துப் போட ஆரம்பிச்ச அன்னிக்கே அடிமையாயிட்டான். இன்னிக்கு நீங்க விடுதலை ஆகப் போறீங்க. விரலை நீட்டுங்க."

கெசீனா விரலை நீட்டினாள். கடற்காற்றில் சைக்கிள் மிதித்து வந்த விரல், மரத்துப்போயிருந்தது. டேப் அதை விரல் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. ஊதிப் பார்த்தாள். கம்பளிச் சட்டையில் தேய்த்துப் பார்த்தாள். தலைவர் பொறுமையாக ஏந்திக்கொண்டே நின்றார். கடைசியில் திரையில் ஒரு கோடு விழுந்தது. மழை விட்டபின் நடைபாதையில் கிடக்குமே மண்புழு, அசல் அது.

"என் கையெழுத்து மாதிரியே இல்லையே, டாக்டர் சார்" என்றாள் கெசீனா.

"எப்படி இருக்குங்கறதெல்லாம் பழைய காலத்துக் கவலைம்மா. பேனா பொய் சொல்லும், விரல் சொல்லாது. சட்டத்துக்கு முன்னாடி இதுக்கும் பேனா மைக்கும் ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. என் பதவியையே பணயம் வெச்சுச் சொல்றேன்."

பக்கத்தில் நின்ற சட்டப் பிரிவுத் தலைவி டாக்டர் ஜீஃப்கன் மெல்லத் தலையாட்டினாள். அவள் சம்பளம் வாங்குவதே தலையாட்டத்தான் என்று சந்தையில் ஒரு பேச்சு உண்டு. அது அநியாயம். சில சமயம் அவள் புருவத்தையும் தூக்குவாள்.

ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. நவம்பரில் தொடங்கி அடுத்த அக்டோபரில் முடியும். இதில் கெசீனாவுக்கு மட்டும் ஓரவஞ்சனை ஒன்றும் இல்லை. ஆணையத்துக்கே அரசாங்கம் கொடுத்த ஆயுள் ஐந்து வருடம். அடுத்த வருட டிசம்பர் கடைசியில் கடையைக் கட்டிவிட வேண்டும். தலைவர், சட்டத் தலைவி, மாடியில் என்ன செய்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாத அத்தனை பேர், எல்லோருக்கும் அன்றோடு ஒப்பந்தம் முடிகிறது. எல்லோரும் இதே டேப்பில், அவரவர் விரலால் கையெழுத்துப் போட்டவர்கள். "காகிதத்தை ஒழிப்போம், நாமும் ஒழிவோம்" என்று தலைவர் மேடைக்கு மேடை முழங்குவார். முழங்கிவிட்டு மூக்கை உறிஞ்சுவார்.

கெசீனாவுக்கு ஐம்பத்தொரு வயது. இதுவரை பார்த்த வேலையெல்லாம் ஒரு வருட வேலைதான். நூலகத்தில் ஒரு வருடம், நீச்சல் குளத்தில் டிக்கெட் கிழித்து ஒரு வருடம், பள்ளிக்கூடச் சமையலறையில் ஒரு வருடம். முகம் பழகும்போது போய்வா என்றுவிடுவார்கள். கேக் வெட்டித்தான் அனுப்புவார்கள், அதில் குறை சொல்ல முடியாது.

அவளுக்கு உலகத்தில் ஆசை என்று ஒன்றே ஒன்று இருந்தது. ஊருக்கு வெளியே கால்வாய்க் கரையில் தோட்டச் சங்கத்தின் சின்னச் சின்னப் பாத்திகள் இருக்கின்றன. வருடக் கணக்காகக் காத்திருந்து அதில் ஒரு துண்டு அவள் கைக்கு வந்திருந்தது. அதில் ஓர் ஆப்பிள் மரம் வைக்க வேண்டும். கன்றுகூட வாங்கிவிட்டாள். ஆனால் மண்ணில் வைக்கவில்லை, ஒரு வாளியில் வைத்திருந்தாள். வேலை போனால் வீட்டு வாடகை கட்டுப்படியாகாது. நாட்டின் மறு கோடியில், ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் தங்கை வீட்டில் போய் ஒண்ட வேண்டியதுதான். ஊரை விட்டுப் போகிறவர்கள் பாத்தியைச் சங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அது சங்கத்தின் கண்டிப்பான விதி. தான் வைத்த மரத்தில் முன்பின் தெரியாத ஒருவன் ஏணி போட்டு ஏறுவதை நினைத்துப் பார்க்கவே கெசீனாவுக்குப் பிடிக்கவில்லை. அதனால் அவள் பாத்தியில் முள்ளங்கி மட்டும் போட்டாள். ஒரு வருட ஆட்களுக்கு ஏற்ற பயிர் அது.

"ஏம்மா கெசீனா, அந்தக் கன்னு என்ன ஊருக்குப் போகப் பஸ்ஸுக்கா நிக்குது? வாளியை விட்டு எடுத்து வையேன்" என்பார் ஒன்னோ. அடுத்த பாத்திக்காரர். துறைமுகத்தில் தூர்வாரும் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாக்கில் மட்டும் ஓய்வு இல்லை.

"நிரந்தர வேலை ஒண்ணு கிடைக்கட்டும் ஒன்னோண்ணே, வெச்சுடறேன்."

"அப்ப வாளியிலயே காய்க்கப் பழக்கிடு" என்பார் ஒன்னோ.

ஆணையத்தில் அவளுக்குக் கொடுத்த இடம் தரைத்தளத்துக் கவுண்டர். ஊர் மக்களை மின்கையொப்பத்துக்குப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். முதல் நாள் காலையிலேயே ஒன்னோ வந்து நின்றார். பாத்தியில் கோழி வளர்க்க அனுமதி வேண்டும், அதற்கு நகர மன்றம் மின்கையொப்பம் கேட்கிறது.

"மோயின்" என்று அந்த ஊர் வணக்கத்தைச் சொன்னார். "விரலை நீட்டவா?"

"கொஞ்சம் இருங்கண்ணே. முதல்ல ரகசிய எண் வேணும்."

"குடு."

"நான் குடுக்க முடியாது. தபால்ல வரும்."

"தபால்லன்னா? காகிதத்துலயா?"

"ஆமாண்ணே. பாதுகாப்புக்கு."

ஒன்னோ திரும்பி விரல் சிலையை ஒரு முறை பார்த்தார். "சரி, வரட்டும். வந்ததும் போட்டுடலாமா?"

"கடிதம் வாங்கிக்கிட்டேன்னு தபால்காரர்கிட்ட நீங்க மின்கையொப்பம் போடணும்."

"அது போடறதுக்குத்தானே இந்த எண்ணு?"

"ஆமாண்ணே."

ஒன்னோ முப்பது வருடம் சேறு வாரியவர், அடி தெரியாத ஆழம் அவருக்குப் புதிதல்ல. "சரி. கோழியை வாங்கிடறேன். நீ மெதுவா அனுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கெசீனா இந்தச் சிக்கலை மேலே எழுதிப் போட்டாள். மேலிருந்து பதில் வந்தது, அது சிக்கல் அல்ல, மாற்றக் காலம் என்று. அந்த வருடம் முழுவதும் கவுண்டருக்கு வந்தவர்கள் ஊரில் பாதிப் பேர். பதிவாகி முடிந்தது ஒரே ஆள், அதுவும் கெசீனாதான். சோதனைக்காகத் தன் பெயரையே போட்டுப் பார்த்தபோது எப்படியோ பதிவாகிவிட்டது. ஆனாலும் அவளுக்கு அந்தக் கவுண்டர் பிடித்திருந்தது. கிழவர்களும் கிழவிகளும் வந்து உட்கார்ந்து கற்கண்டு போட்ட டீ குடித்துவிட்டு, பதிவாகாமல் சந்தோஷமாகத் திரும்பிப் போவார்கள். இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஜூலையில் தலைவர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். எழுந்து நின்றுதான் பேசினார்.

"போப்பிங்கா அம்மா, உங்க கவுண்டரை அக்டோபரோட மூடறோம். மக்கள் மாறிட்டாங்க. இனிமே யாரும் யாருக்கும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல."

"பதிவானது நான் ஒருத்திதான், டாக்டர் சார்."

"நூறு சதவீத வெற்றிக்கு ஒரு ஆள் போதும்மா. நாங்களும் டிசம்பரோட போறோம். வரலாறு நம்மளை எல்லாம் கடந்து போகுது. ஒப்பந்தத்துல தேதி இருக்கு, கீழ உங்க கையெழுத்து இருக்கு. அதை மாத்த எனக்கே அதிகாரம் இல்ல."

கெசீனா அழவில்லை. பழக்கப்பட்டதுதான். ஆனால் அன்று சாயங்காலம் வாளி நிரம்பி வழிந்த பிறகும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். முதல் முறையாக ஓர் இடத்தை விட்டுப் போக அவளுக்கு மனசே இல்லை.

வேலை போகிறது என்று முன்கூட்டியே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைக்க வேண்டும். போனாள். அங்கே டீப்பன் என்பவர் ஹெர்ரிங் மீன் வைத்த ரொட்டியை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் நாட்டின் வேலையின்மையைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"ஒப்பந்தம் அசல் எங்க?"

கெசீனா போனைத் திறந்து காட்டினாள். "இதுதான் சார் அசல்."

"கையெழுத்து?"

"அதோ, அந்தப் புழு."

டீப்பன் ரொட்டியைக் கீழே வைத்தார். "பேனாவால யாரும் எங்கயும் போடலையா?"

"அங்க பேனாவே கிடையாது சார்."

"சட்டம் ஒத்துக்கற உசத்தி மின்கையொப்பம் ஒண்ணு உண்டு, அடையாள அட்டை வெச்சுப் போடறது. அதுவும் இல்லையா?"

"விரல் மட்டும்தான்."

டீப்பன் ரொட்டியைத் திரும்ப எடுத்தார். "உங்கள வேலை இல்லாதவங்கன்னு என்னால பதிய முடியாது."

"ஏன் சார்?"

"உங்களுக்கு வேலை இருக்கு."

"அக்டோபரோட போயிடுது சார்."

"போகாது. முடிவுத் தேதி போட்ட ஒப்பந்தம்னா அந்தத் தேதிக்கு மை வேணும், இல்லாட்டி அந்த உசத்திக் கையொப்பம் வேணும். விரலால கிறுக்கினா வேலை செல்லும், முடிவுத் தேதி மட்டும் செல்லாது. தேதி இல்லன்னா நிரந்தரம்தான். ஓய்வு வயசு வரைக்கும் அங்கதான் இருப்பீங்க. அவங்க ஒத்துக்கலைன்னா தொழிலாளர் கோர்ட்டு அடுத்த தெருவுல."

கெசீனாவுக்குத் தலையைச் சுற்றியது. "அப்ப இது எனக்கு நல்லதா சார், கெட்டதா?"

"அது என் பிரிவு இல்ல. அடுத்த ஆள் வாங்க."

மறுநாள் அவள் இதைப் போய்த் தலைவரிடமே சொன்னாள். மறைத்து வைத்து நேரம் பார்த்துப் போட்டுத் தாக்கலாம் என்று வேறு யாருக்காவது தோன்றியிருக்கும். கெசீனாவுக்கு அந்த மாதிரி மூளை இல்லை. தலைவர் சிரித்தார். "ஹெர்ரிங் தின்னற ஒரு ஆளு நம்ம கையெழுத்து செல்லாதுங்கறாராம்" என்று ஜீஃப்கனைப் பார்த்தார். ஜீஃப்கன் தலையாட்டவில்லை. புருவம் மேலே போயிருந்தது.

"கொள்கைப்படி செல்லும், டாக்டர். சட்டப்படிதான் கொஞ்சம் யோசிக்கணும். எதுக்கும் பாதுகாப்பா ஒரு பணிநீக்கக் கடிதத்தையும் குடுத்துடலாம்."

தலைவர் உடனே சம்மதித்தார். இந்த முறை சாதாரண விரல் இல்லை. அட்டை சொருகி, எண் அடித்து, முகத்தைக் காட்டி, அந்த உசத்தி மின்கையொப்பத்தையே போட்டார். மாடியில் இருந்தவர்கள் எல்லோரும் இறங்கி வந்து கைதட்டினார்கள். கெசீனாவும் தட்டினாள், எல்லோரும் தட்டும்போது சும்மா நிற்க முடியுமா. கடிதம் அவள் போனுக்கு வந்து விழுந்தது. பின்னாலேயே ஒரு பூங்கொத்துப் படமும் வந்தது.

அடுத்த நாள் காலையில் ஜீஃப்கன் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "டாக்டர், நேத்து போட்டது செல்லாது."

"உசத்திதானே போட்டேன்?"

"வேலையை விட்டு எடுக்கறதுக்கு மட்டும் எந்த மின்கையொப்பமும் செல்லாது. உசத்தியும் சேர்த்துத்தான். காகிதத்துல, பேனாவால போட்டாத்தான் உண்டு. சட்டத்துல அப்படியே இருக்கு."

"அந்தச் சட்டத்தை மாத்தத்தானே நாம அஞ்சு வருஷமா உக்காந்திருக்கோம்?"

"அதைப் பத்தி அறுபத்தெட்டு மாநாடு நடத்தியிருக்கோம், டாக்டர். மாத்தச் சொல்லி யாரும் எழுதிப் போடல. எழுதணும்னா காகிதம் வேணுமேன்னு விட்டுட்டோம்."

இருவரும் காகிதம் தேட ஆரம்பித்தார்கள். கட்டடம் முழுக்கத் துழாவியதில் மாடியில் ஒரு பீட்சா அட்டைப் பெட்டி கிடைத்தது. அதன் மூடியின் உட்புறம் ஓரளவுக்குச் சுத்தமாக இருந்தது. ஜீஃப்கன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சட்டப்படி இதற்குத் தடையில்லை என்றாள். பேனாதான் கிடைக்கவில்லை. இருந்த பேனாவெல்லாம் சிலையில் இருந்தது. கொள்முதல் மென்பொருளில் 'பேனா' என்று அடித்துப் பார்த்தார்கள். 'தடைசெய்யப்பட்ட பொருள், உங்கள் தேடல் தலைவருக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று வந்தது. தலைவரின் போன் டிங்கென்றது. அவர் எடுத்துப் பார்த்துவிட்டு ஜீஃப்கனை முறைத்தார்.

இவர்கள் அலமாரி அலமாரியாகக் குனிந்து தேடுவதைப் பார்க்கக் கெசீனாவுக்குப் பாவமாக இருந்தது. யார் எதைத் தேடினாலும் எடுத்துக் கொடுத்தே பழகிய கை.

"டாக்டர் சார், தோட்டத்துல பாத்திக்குப் பேர் எழுத ஒரு பேனா வெச்சிருக்கேன். நாளைக்கு எடுத்துட்டு வரவா?"

தலைவர் நிமிர்ந்தார். "பேனாவையா? இந்தக் கட்டடத்துக்குள்ளயா? விதி தெரியுமில்ல, உங்களை வேலையை விட்டே எடுத்துடுவோம்."

"அதுக்குத்தானே சார் எடுத்துட்டு வரேங்கறேன்."

ஜீஃப்கன் இடையில் புகுந்தாள். "வெளியில வெச்சுப் போட்டுடலாமே, டாக்டர்?"

"வெளியிலன்னா எங்க, மீன் சந்தையிலயா? நான் பேனா பிடிச்சு நிக்கறதை ஒரு பத்திரிகைக்காரன் படம் எடுத்துட்டா? அஞ்சு வருஷத்துல நான் பேனாவைத் தொட்டதில்ல. என் கல்யாணப் பதிவுக்குப் பேனாவைப் பிடிக்க மாட்டேன்னு சொன்னவன் நான். அதனாலதான் இன்னும் கல்யாணம் ஆகல." அவர் குரல் கம்மியது. "வேண்டாம். கோர்ட்டுக்கே போகட்டும். நம்ம விரல் கையெழுத்து செல்லும்னு நாடு பூராவும் தெரியட்டும்."

கோர்ட் படி ஏறுகிற ஆள் இல்லை கெசீனா. ஆயுளில் ஒரு தடவை நூலகப் புத்தகம் தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதியவள் அவள், அதுவும் தான் வேலை பார்த்த நூலகத்துக்கே. அன்று சாயங்காலம் ஒன்னோவிடம் சொன்னாள். அவருடைய பாத்தியில் அதற்குள் ஐந்து கோழி மேய்ந்துகொண்டிருந்தது, அனுமதி இல்லாமல்.

"போட்டுடு கேஸை" என்றார் ஒன்னோ.

"எனக்குப் பயமா இருக்குண்ணே. அவங்க எல்லாம் டாக்டர் பட்டம் வாங்கினவங்க."

"உன் மரத்துக்கு ஒரு இடம் வேணும். டாக்டரா வந்து குழி தோண்டப் போறான்?"

தொழிலாளர் நீதிமன்றத்தின் கவுண்டரில் ஒரு பேனா இருந்தது. யாரும் எடுத்துப் போய்விடாமல் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். கெசீனா அதை எடுத்துத் தன் பெயரை எழுதினாள். கெசீனா போப்பிங்கா. முதல் எழுத்தின் வாலும், கடைசியில் போடுகிற சின்னச் சுழியும் அப்படியே இருந்தன. பல மாதமாகக் காணாமல் போன சொந்தக்காரியைப் பார்த்ததுபோல அவளுக்குக் கண் கலங்கியது.

செப்டம்பர் கடைசியில் விசாரணை வந்தது. தலைவர் பத்திரிகைக்காரர்களை அவரே கூப்பிட்டிருந்தார். மாடியில் இருந்தவர்கள் எல்லோரும் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்னோ ஓர் ஓரத்தில். கெசீனா தனியாக ஒரு மேசையில். ஆப்பிள் கன்றை நினைத்துக்கொண்டு கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

நீதிபதி வருவதற்குச் சற்று முன்னால் ஜீஃப்கன் டேப்பில் எதையோ புரட்டிக்கொண்டிருந்தவள் நின்றாள். இன்னொன்றைப் புரட்டினாள், இன்னொன்றையும் புரட்டினாள். பிறகு தலைவர் காதில் குனிந்து பேசினாள். ரகசியம்தான், ஆனால் கூரை உயரமான மண்டபம், எல்லோருக்கும் கேட்டது.

"டாக்டர், நாம ஜெயிச்சா அந்த அம்மா அக்டோபர்ல போவாங்க."

"ஆமா."

"நாம டிசம்பர்ல போவோம்."

"தெரிஞ்சதுதானே?"

"நாம தோத்தா அந்த அம்மா நிரந்தரம்."

"சரி, அதுக்கென்ன?"

"நாம எல்லாரும் அதே டேப்லதான் விரல் வெச்சோம், டாக்டர்."

தலைவர் முகத்தில் முதலில் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் மெல்ல ஓர் ஒளி பரவியது. பின் வரிசையில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

நீதிபதி வந்து அமர்ந்தார். கண்டிப்பான அம்மாள், எதையும் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பவர். "ஆணையத்தோட தரப்பு என்ன?"

தலைவர் எழுந்தார். இத்தனை நாளும் எழுந்து நின்றதெல்லாம் ஒத்திகை என்பதுபோல எழுந்தார்.

"மதிப்புக்குரிய நீதிபதி அவர்களே, விரல் கையெழுத்துங்கறது என்ன? நான் கேக்கறேன், என்ன? மழை விட்டதும் தரையில நெளியுதே, புழு, அது. அதைப் பார்த்து இது போப்பிங்கா அம்மாதான்னு பெத்த தாய் சொல்வாளா? குளிர்ல விரல் மரத்துப்போனா டேப்புக்கு மனுஷனே தெரியறதில்ல. அப்பேர்ப்பட்ட ஒரு கிறுக்கலை வெச்சு உழைக்கிற ஒரு ஜீவனை வீட்டுக்கு அனுப்பறதா? மை வேணும், காகிதம் வேணும். நம்ம சட்டத்தை எழுதினவங்க முட்டாளுங்க இல்ல. ஒருத்தர் சோத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி கை கொஞ்சம் அழுக்காகணும்னு தெரிஞ்சுதான் எழுதியிருக்காங்க."

நீதிபதி காகிதத்தைப் புரட்டினார். "நீங்க எந்தப் பக்கம்? இந்த அம்மாவோட வக்கீலா?"

"இல்ல, நான்தான் எதிர்த் தரப்பு."

"மின்கையொப்பத்தை ஊக்குவிக்கற ஆணையத் தலைவர்?"

"ஆமா. அதனாலதான் அடிச்சுச் சொல்றேன், அதோட லட்சணம் என்னன்னு என்னை விட யாருக்குத் தெரியும்? அஞ்சு வருஷ ஆராய்ச்சி. செல்லவே செல்லாது. இந்த அம்மாவுக்குச் செல்லாது, ஆணையத்துல ஒருத்தருக்கும் செல்லாது. நாங்க எல்லாரும் நிரந்தரம்ங்கறதை ஆழ்ந்த வருத்தத்தோட ஏத்துக்கறோம்."

பின் வரிசை முழுவதும் ஆழ்ந்த வருத்தத்தோடு கைதட்டியது.

கெசீனாவுக்கு நடப்பது புரியவில்லை. தான் ஜெயிக்கிறாளா, தோற்கிறாளா, இந்த மனிதர் ஏன் தன் பக்கம் வாதாடுகிறார், ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் ஒன்று மட்டும் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கையை லேசாகத் தூக்கினாள்.

"டாக்டர் சார், அன்னிக்கு இது செல்லும்னு உங்க பதவியையே பணயம் வெச்சீங்களே?"

"வெச்சேம்மா" என்றார் தலைவர். "தோத்துட்டேன். அதனாலதான் பதவி தங்கிச்சு."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு, ஆணையமே ஒப்புக்கொண்டதால் போப்பிங்கா அம்மாவின் வேலைக்கு முடிவுத் தேதி கிடையாது என்று தீர்ப்பைச் சொன்னார். மற்றவர்களைப் பற்றி யாரும் வழக்குப் போடவில்லை, அதனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றார். அடுத்த வாரமே மாடி முழுக்க இறங்கி வந்து, வழக்குப் போட அந்தச் சங்கிலி போட்ட பேனாவுக்கு முன்னால் வரிசையில் நின்றது. தலைவர் மட்டும் பேனாவைத் தொடாமல், வழக்கை வாயால் சொல்லிக் கோர்ட்டு எழுத்தரை எழுதிக்கொள்ளச் செய்தார்.

டிசம்பர் வந்தது. ஆணையம் கடையைக் கட்டவில்லை. எப்படிக் கட்டுவது, உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் நிரந்தரம். வேண்டுமானால் வேலையை விட்டு எடுக்கலாம், ஆனால் அதற்குக் கடிதத்தில் பேனாவால் கையெழுத்துப் போட வேண்டியவர் டாக்டர் ஹாசல்பிரிங். அவர்தான் பேனாவைத் தொட மாட்டாரே. கொள்கை என்றால் கொள்கை. கவுண்டரையும் மூடவில்லை, மூடினால் நிரந்தர ஊழியரை எங்கே உட்கார வைப்பது என்ற கேள்வி வந்தது.

இதெல்லாம் அவர்கள் கதை. நம் கெசீனா தீர்ப்பு வந்ததும் என்ன செய்தாள் தெரியுமா? டிசம்பருக்கு முன்பே, நவம்பர் முதல் சனிக்கிழமை, தூறலில், கால்வாய்க் கரையில் குழி தோண்டினாள். ஒன்னோ மண்வெட்டியை வாங்கிக் கொஞ்சம் தோண்டினார், வாயால் நிறையத் தோண்டினார். வாளியிலிருந்து கன்றை எடுத்தபோது வேர் வாளியின் வடிவத்திலேயே வட்டமாகச் சுருண்டு கிடந்தது. கெசீனா அதை விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு மண்ணில் வைத்தாள்.

"காய்க்க நாலு வருஷம் ஆகும்" என்றார் ஒன்னோ.

"இருக்கட்டும்ணே. நான் இங்கதானே இருக்கேன்" என்றாள் கெசீனா. அப்படி ஒரு வாக்கியத்தை அவள் வாழ்க்கையில் சொன்னதே இல்லை. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை காலை ஒன்னோ கவுண்டருக்கு வந்தார். ஒரு கையில் முட்டைக் கூடை, மறு கையில் ஒரு கடிதம். தபால்காரர் அலுத்துப்போய்க் கையொப்பம் வாங்காமலே கதவிடுக்கில் சொருகிவிட்டுப் போயிருந்தார். உள்ளே ரகசிய எண்.

"முட்டை உனக்கு. கோழிக்கு இப்ப அனுமதி போட்டுடலாமா?"

"போட்டுடலாம்ணே." கெசீனா டேப்பைத் திறந்தாள்.

ஒன்னோ விரலை நீட்டப் போனவர் நிறுத்தினார். "ஒண்ணு சொல்லு. இது செல்லுமா, செல்லாதா?"

கெசீனா கூடத்தைப் பார்த்தாள். விரல் சிலை இன்னும் கழிப்பறையைக் காட்டிக்கொண்டிருந்தது. தன் நகத்தைப் பார்த்தாள், சனிக்கிழமை மண் இன்னும் அதில் இருந்தது.

"செல்லாதுண்ணே."

"அப்புறம் எதுக்குப் போடணும்?"

"செல்லாத ஒரு கையெழுத்துல எனக்கு ஆப்பிள் மரமே கிடைச்சுது" என்றாள் கெசீனா. "உங்களுக்கு வெறும் கோழிதானே வேணும். விரலைக் குடுங்க."